வாங்கு சொல்லியாச்சு

எங்கள் ஊரில் தரகர் என்றால் மூன்று வகை. காணித் தரகர், கலியாணத் தரகர், மாட்டுத் தரகர். மூவரையும் தூரத்தில் கண்டால் ஆட்கள் வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுவார்கள். தேவை வந்தால் அதே ஆட்கள் அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றுவார்கள். நாலாவதாகப் பங்குத் தரகர் என்று ஒருவர் இருப்பது, காத்தான்குடியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலம் முழுக்கப் படிப்பித்துவிட்டு நான் ஓய்வுக்கு வந்த வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வுபெறும் ஆசிரியர்களைக் கூப்பிட்டு, கையில் வரும் காசை என்ன செய்யலாம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவர் எழும்பினார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இஸ்திரி போட்ட நீளக்கைச் சட்டை, கையில் மடிக்கணினி, சுவரில் படம் காட்ட ஒரு கருவி. அவர் தொடங்கியதும் மின்சாரம் போய்விட்டது. மனுசன் கொஞ்ச நேரம் இருட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு மேசையில் ஏறி உட்கார்ந்தார்.

"கரைவலை எல்லாரும் பாத்திருப்பீங்க," என்றார். "தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இழுக்கிற ஆக்களுக்குப் பங்கு. மீன் பட்டா எல்லாருக்கும் கிடைக்கும். படாட்டி எல்லாருக்கும் வெறுங்கை. கம்பனியும் அப்படித்தான். அந்த வலையில நீங்க ஒரு முழத்தை வாங்குறீங்க, அவ்வளவுதான். வேணாம் எண்டா அந்த முழத்தை வேற ஆளுக்கு விக்கலாம்."

"அப்ப நீங்க ஆரு? தோணிக்காரரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் கரையில நிக்கிற ஆள். வாங்க நினைக்கிற ஆளுக்கு விக்கிற ஆளையும், விக்க நினைக்கிற ஆளுக்கு வாங்குற ஆளையும் பிடிச்சுக் குடுப்பன். ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு கொமிசன். எனக்கு வலையும் இல்ல, தோணியும் இல்ல."

நான் சும்மா இருக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு மாட்டில ஏழு பேர் பங்கு போடுறம். அது மாதிரியா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் அதைப் பகிடியாக எடுக்காமல் உண்மையாகவே யோசித்தார். "ஓம். ஆனா இந்த மாட்டை அறுக்கிறதில்ல. பால் கறக்கிறது."

"பால் தருமா எண்டு சொல்லுங்க பாப்பம்."

"தரலாம். தராமலும் விடலாம்."

மண்டபமே சிரித்தது. எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. மற்ற மூன்று தரகர்களும், காணியில் தண்ணி நிற்காது, மாப்பிள்ளை சிகரெட் குடிக்கமாட்டார், மாடு முட்டாது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள். ஒரு சத்தியமும் பண்ணாத தரகரை என் வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டேன்.

வீட்டில் இது எடுபடவில்லை. என் வீட்டுக்காரர் கட்டாரில் வெயில் காய்ந்து வந்து, பிரதான வீதியில் ஒரு சின்னத் துணிக்கடை போட்டவர். கையால் தொட்டுப் பார்க்க முடியாத எதையும் அவர் சரக்கு என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "சூது," என்றார். நான் மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். கம்பனி செய்கிற தொழில் சுத்தமாக இருந்தால், வட்டியில் ஓடாமல் இருந்தால், கூடும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தரகரிடம் சொன்னதோடு என் வேலை முடிந்தது. அவருடைய வேலை தொடங்கியது. எந்தக் கம்பனி எதை விற்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்று தோண்டித் தோண்டிப் பார்ப்பார். நான் ஆசைப்பட்டு ஒரு பெயரைச் சொன்னால், "ராத்தா, அது உங்களுக்குச் சரிவராது. அவங்கட இன்னொரு கம்பனி சாராயம் காய்ச்சுது," என்பார். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைக் கூப்பிடும் ராத்தா என்ற சொல்லை அவர் எங்கே பழகினாரோ தெரியாது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டார். விபூதி பூசிய நெற்றியோடு ஒரு பிள்ளை எனக்காக ஹலால் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருபோதும் "ஏறும்" என்று சொன்னதில்லை. "ஏறலாம் ராத்தா, இறங்கலாம்." எப்போது கேட்டாலும் இதுதான். சொல்ல அவருக்கு அனுமதியும் இல்லையாம். வீட்டுக்காரர் அவருக்கு 'ஏறலாம் இறங்கலாம்' என்றே பெயர் வைத்துவிட்டார். "உங்கட ஏறலாம் இறங்கலாம் போன் எடுத்தார்," என்று கடையிலிருந்து செய்தி வரும்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கவே ஒரு நாள் மட்டக்களப்புக்குப் போனேன். கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே குளிரூட்டி. வருகிற ஆட்கள் இருக்கச் சுவரோரமாக ஒரு நீளமான மர வாங்கு. படங்களில் காட்டுகிற மாதிரி ஆட்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று நினைத்துப் போனேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு திரைகளில் பச்சையும் சிவப்புமாக இலக்கங்கள் ஓடின. அவர் காதில் போனை வைத்துக்கொண்டு, கோயில் ஐயர் மந்திரம் சொல்கிற தாழ்ந்த குரலில் பேசினார். கம்பனியின் பெயர், எத்தனை பங்கு, என்ன விலை, மூன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு, "சரியா?" என்று கேட்பார். அந்தப் பக்கம் "ஓம்" வந்தால்தான் விரல் விசைப்பலகையைத் தொடும். ஒவ்வொரு பேச்சும் பதிவாகும். பரீட்சை எழுதித்தான் இந்த வேலைக்கு வரலாம். வாடிக்கையாளர் சொல்லாமல் ஒரு பங்கை வாங்கினாலும் விற்றாலும் அந்தச் சான்றிதழ் போய்விடும். இதையெல்லாம் அவர் அழைப்புகளுக்கு இடையில் எனக்குச் சொன்னார்.

பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிற பொடியன் எடுத்தான். தன் ஹோட்டலை விட்டு வேறு ஹோட்டலில் பங்கு வாங்க வேண்டுமாம். ஒரு டாக்டர் எடுத்து, எல்லாவற்றையும் விற்கச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்து வேண்டாம் என்றார். வாழைச்சேனையிலிருந்து ஒரு வயதானவர் எடுத்தார். அவருடைய பங்கின் விலையைச் சொல்லிவிட்டு, "இண்டைக்கும் இருக்கட்டுமா ஐயா?" என்று கேட்டார் தரகர். இருக்கட்டும் என்று பதில் வந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தினமும் எடுப்பார் ராத்தா. வித்ததே இல்ல."

"அப்ப உங்களுக்குக் கொமிசன்?"

"அவர்ட கொமிசன் வராது. என்ட வேலையில பாதி, ஆக்களை ஒண்டும் செய்யவிடாம வெச்சிருக்கிறதுதான்."

அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், என் பங்குகளின் விலை நான் பார்க்கப் பார்க்கச் சரிந்தது. தூக்கம் போய், சோறு இறங்காமல், ஒரு காலையில் போனை எடுத்து "எல்லாத்தையும் வித்துடுங்க தம்பி," என்றேன். விற்கவேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. "விக்கிறன் ராத்தா. நீங்க சொன்னா விக்கத்தான் வேணும்," என்றார். "அதுக்கு முதல் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எடுங்களன். நானும் இப்பதான் சைக்கிள்ள வந்து இறங்கினன். எனக்கும் ஒண்டு வேணும்." காஸ் இல்லை, விறகு வைத்து ஊதி ஊதி அந்தத் தேத்தண்ணியைக் காய்ச்சி முடிக்கையில் என் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிட்டது. நான் திருப்பி எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் எத்தனை பேருக்கு அப்படித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னாரோ.

இவ்வளவு பழகியும் நான் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். அது என் பழக்கம். வகுப்பில் மூக்குச் சளி ஒழுகுகிற பிள்ளையையும் நீங்க, வாங்க, இருங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என் வாயில் 'நீ' வருவது என் மகளுக்கும் வீட்டுப் பூனைக்கும் மட்டும். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வோம். என் மகளுக்கும் கொடுத்தோம். முன்பக்கம் ஒழுங்கான வீடு. காசு முடிந்த இடத்தில் குசினி தொடங்கியது. அதற்கு மேலே பழைய தகரம்தான். மாரி தொடங்கினால் தகரத்தின் ஓட்டைகளுக்குக் கீழே சட்டி வைத்து, சட்டிகளுக்கு நடுவில் நின்று அவள் சமைப்பாள். மருமகன் வெளிநாட்டில். இந்த முறை மாரிக்கு முதல் குசினிக்கு ஒழுங்கான கூரை போட்டுத் தருவதாக நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகக் கொஞ்சப் பங்குகளை விற்றேன். அந்தக் காசு தரகரின் கம்பனியில் என் கணக்கில் வந்து கிடந்தது. அதை வங்கிக்கு அனுப்பச் சொல்லத்தான் அன்று போன் எடுத்தேன். மேசனும் நாள் சொல்லியிருந்தான்.

அனுப்பச் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா. "அந்த ஓட்டுக் கம்பனி இப்ப என்ன விலை?" என்று கேட்டேன். தரைக்கும் கூரைக்கும் ஓடு செய்கிற கம்பனி அது. நெடுநாளாக எனக்கு அதில் ஒரு கண்.

"நல்லா இறங்கிக் கிடக்கு ராத்தா," என்றார். என் கணக்கில் கிடக்கிற காசுக்கு எத்தனை பங்கு வரும், என்ன விலை என்று எல்லாம் சொன்னார். கடைசியில், "என்ன செய்வம்? வாங்கட்டா, இல்ல காசை வங்கிக்கு அனுப்பட்டா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது, ஆசை வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்த நேரம், எங்கள் பள்ளிவாசலில் லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்கு அழைத்தார்கள். அந்த அழைப்பை நாங்கள் வாங்கு என்போம். வாங்கு கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழும்புவது சின்னதிலிருந்து வந்த பழக்கம்.

"வாங்கு சொல்லியாச்சி. வெக்கிறன்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தொழுது, துஆக் கேட்டு, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால், குறுஞ்செய்தி வந்து கிடக்கிறது. நான் ஓட்டுக் கம்பனியில் பங்கு வாங்கிவிட்டேனாம். கணக்கில் காசு முடிந்துவிட்டது.

என் கோபத்தை எங்கள் ஒழுங்கையே அறியும். போனை எடுத்துக் கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர எதையும் இங்கே எழுதமாட்டேன். ஆனால் அப்போதும் நீங்க என்றுதான் ஏசினேன். "நான் எப்ப உங்களை வாங்கச் சொன்னன்?" என்று கத்தினேன். பிறகு, "ராத்தா, நீங்க கந்தோருக்கு வரேலுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த நாளே பஸ் ஏறினேன். சாரதியிடமும் சண்டை பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

மேல்மாடியில், சுவரோர வாங்கில் என்னை இருக்கவைத்து, பதிவைப் போட்டுக் காட்டினார். அவருடைய கேள்வி வந்தது: வாங்கட்டா, இல்ல அனுப்பட்டா? கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தூரத்தில் ஏதோ ஒலிபெருக்கிச் சத்தம். பிறகு என் குரல், கட்டளை போடுகிற டீச்சர் குரல்: வாங்கு. சொல்லியாச்சி. வெக்கிறன்.

போனை வைக்கிறேன் என்றதுகூட, பங்கை விற்காமல் வைத்திருக்கிறேன் என்றுதான் கேட்டது. என் வாயிலிருந்து போன ஒரு சொல்லும் தொழுகைக்குப் போகவில்லை. எல்லாம் சந்தைக்குப் போயிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்தச் சொல் தெரியும் ராத்தா," என்றார். "ஆரையம்பதியில படிச்சனான். உங்கட ஊர் வாங்கைக் கேட்டுத்தான் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. ஆனா இந்தக் கதிரையில இருந்தா வாங்கு எண்டா ஒரே ஒரு அர்த்தம்தான் காதுக்குள்ள போகுது. மற்றதெல்லாம் போயிட்டு."

"என்ட குரல்தானே சொல்லியிருக்கி. உங்களில என்ன பிழை?"

"ஓம் எண்டு கேக்காம வாங்கினது பிழை. லைன் கட்டாகிட்டு, விலை ஏறிடும் எண்டு பயந்து போட்டுட்டன். நீங்க ஏசின உடனேயே நானே கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அறிவிச்சிட்டன். இப்ப எடுப்பாங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க. உங்கட காசு உங்களுக்கு வந்திடும்."

"எப்படி வரும்?"

"பங்கை அவங்க திருப்பி எடுப்பாங்க. நேத்தைக்குப் பிறகு விலை இன்னும் இறங்கிட்டு. அந்த வித்தியாசம் என்ட சம்பளத்தில கழியும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. பொய் சொல்லிப் பழகாத தரகர். வகுப்பில் இப்படி எத்தனை காதுகளைக் கண்டிருப்பேன்.

"சான்றிதழ்?" என்று கேட்டேன்.

திரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "இருக்கலாம். போகலாம்."

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. வருடக் கணக்கில் என் காசைப் பற்றி அவர் சொன்ன அதே பேச்சு. இப்போது தன் சோற்றைப் பற்றிச் சொல்கிறார். அவருக்கும் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள், அவர்களுக்கும் வீடு கட்ட வேண்டும். களுவாஞ்சிக்குடியிலும் அதே வழக்கம்தான்.

நான் எழும்பி வெளிப்படிக்குப் போய் மகளுக்குப் போன் எடுத்தேன். வாக்குக் கொடுத்தது அவளுக்கு. மழையில் நிற்கப்போவதும் அவள். நடந்ததைச் சொன்னேன். நான் வாங்கச் சொல்லவில்லை என்றால் காசு திரும்ப வரும், கூரை வரும், இவருடைய வேலை போகலாம். சொன்னேன் என்றால் பங்கு என் தலையில், இறங்கின விலைக்கு விற்றால் கூரைக்குக் காணாது, கூரை இந்த முறை இல்லை. அவள் முதலில் வாங்கு கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். 

"கூட ரெண்டு சட்டி வைப்பம் உம்மா," என்றாள். "ஆனா வாப்பாட்ட நீங்கதான் சொல்லணும்."

திரும்பி உள்ளே வந்தபோது கொழும்பு அதிகாரி லைனில் இருந்தார். தமிழ் தெரிந்த ஒரு பெண். மரியாதையான, அவசரமில்லாத குரல். ஒலியைக் கூட்டிவைத்து என்னைப் பேசவிட்டார்கள்.

"அம்மா, பதிவை நாங்கள் கேட்டோம். அதில் வாங்கு என்று நீங்கள் சொல்வது தெளிவாக இருக்கிறது. அதைச் சொன்னது நீங்கள்தானா?"

இதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. "ஓம். வாங்கு எண்டு நான்தான் சொன்னன்," என்றேன். அல்லாஹ்வுக்குப் பொதுவாக, அது உண்மைதான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இந்த மனுசன் விட்டால்தானே. போனுக்குக் கிட்டக் குனிந்து, "இல்ல மிஸ்," என்று தொடங்கிவிட்டார். "அவங்க எனக்காகச் சொல்றாங்க. பழைய பதிவு எல்லாத்தையும் கேட்டுப் பாருங்க. அவங்க என்னை ஒரு நாளும் நீ, வா, போ எண்டு கதைச்சதில்ல. வாங்கச் சொல்றதெண்டா வாங்குங்க எண்டுதான் சொல்லுவாங்க. வாங்கு எண்டு எனக்குச் சொல்லவே மாட்டாங்க. அது எனக்கு விளங்கியிருக்கணும்."

நான் தலையில் கை வைத்தேன். இவ்வளவு வருடம் நான் கொடுத்த மரியாதையைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, தன்னைத் தானே மாட்டிக்கொள்கிற ஆளை என்ன செய்வது.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அம்மா," என்றார் அதிகாரி, "இவரோடு நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்? நீ என்றா, நீங்கள் என்றா?"

கேள்வி அவ்வளவுதான். குசினிக் கூரையும் ஒரு மனுசனின் சோறும் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் வந்து நின்றன. நான் அவரைப் பார்த்தேன். பயந்த முகம், சிவந்த காது, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. வேண்டாம் ராத்தா என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றேன். "நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இரு. ராத்தா கதைக்கிறன்தானே? வாங்கு எண்டா வாங்கு. விளங்கினதா?"

பிறகு போனுக்குத் திரும்பினேன். "கேட்டீங்கதானே மிஸ். இப்படித்தான்."

 அதிகாரியின் குரலில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. இனி ஓம் என்று கேட்காமல் விசையைத் தொடக்கூடாது என்று அவருக்கு ஒரு எச்சரிக்கையைச் சொல்லி, எனக்கு நன்றி சொல்லி, வைத்துவிட்டார்.  தரகர் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தை பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கிற மாதிரிக் கண்ணைத் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி வாங்கிலிருந்து எழும்பி என் குடையைத் தேடினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது கத்துவார் என்று நினைத்தேன். துணியை முழம் போட்டபடியே கேட்டார். கடைசியில், "ஓட்டுக்குத்தானே வெச்சிருந்த காசு. ஓட்டுக்குத்தானே போயிரிக்கி," என்றார். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். எனக்கு அவர் மேல் இருந்த பழைய கோபங்கள் எல்லாம் அந்தக் கணத்தில் போய்விட்டன, பிறகு திரும்பி வந்தாலும்.

அந்த முறை மாரி நேரத்துக்கே வந்துவிட்டது. மழை கொட்டிய ஒரு காலையில் மகளின் குசினியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். நனைந்து ஒட்டிய நீளக்கைச் சட்டையோடு, தோளில் ஒரு பெரிய நீலத் தறப்பாளைச் சுமந்துகொண்டு வந்து நின்றான் எங்கள் 'ஏறலாம் இறங்கலாம்'. அன்று விடுமுறை, சந்தை இல்லை. நேரே தகரத்தின் மேல் ஏறி, தறப்பாளை விரித்து, மூலைக்கு மூலை கயிறு இழுத்துக் கட்டினான். வழுக்கி விழப்போகிறான் என்று கீழே நின்று நான் ஏசிக்கொண்டே இருந்தேன். இறங்கி வந்தபோது நாலு சட்டி இருந்த இடத்தில் ஒரு சட்டிதான் தேவைப்பட்டது. அந்த ஒன்றும் அவன் கட்டிய முடிச்சிலிருந்துதான் சொட்டியது.

ஓட்டுக் கம்பனி இன்றைக்கும் ஏறலாம் இறங்கலாம் என்றுதான் நிற்கிறது. குசினிக்கு அடுத்த வருடம் பெருநாள் வியாபாரத்தில் கூரை போட்டோம். அதெல்லாம் பிறகு. அன்று, மகள் தேத்தண்ணியும் அப்பமும் கொண்டுவந்து வைத்த நேரம், மழைக்குள்ளால் லுஹர் வாங்கு கேட்டது.

"வாங்கு சொல்லியாச்சி," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு எழும்பினேன்.

அவன் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய்ப் போனைத் தொட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தான். "எந்த வாங்கு ராத்தா?" என்றான். "ஓம் எண்டு சொல்லுங்க, இல்லாட்டி நான் ஒண்டும் செய்யமாட்டன்."

மகள் சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது.

"நீ இருந்து தின்," என்றேன். "நான் தொழுதிட்டு வாறன்."

நான் திரும்பி வரும்வரை அவன் குசினி வாங்கில் இருந்து அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான்.